பிள்ளைக்குச் சொல்லப்படாத உரிமை

மேகமலைத் தேயிலைத் தோட்டமொன்றில் தாயையும் தந்தையையும் அடுத்தடுத்து இழந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவனைத் தொலைவிலுள்ள விடுதி இல்லமொன்றில் சேர்ப்பதற்கு, 2016ஆம் ஆண்டில் பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான். அப்போது அச்சபையின் ஆயராக இருந்தேன். அவனுடைய அம்மாச்சி கொழுந்து பறித்து உழைத்து ஓய்ந்தவர், "எனக்குப் பின்னால இவனுக்கு யாரு ஐயா?" என்று அழுதார். கடிதம் எழுதினேன், ஜெபித்தேன், சின்னமனூருக்கு இறங்கும் பேருந்தில் ஏற்றி அனுப்பினேன். ஏழு மாதம் கழித்து நான் காணச் சென்றபோது அவன் கேட்டது ஒன்றே: "ஐயா, நான் என்ன தப்புச் செஞ்சேன்?" பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளுக்கு அப்பால் தன்னை அனுப்பியது தண்டனை என்றே அவன் எண்ணியிருந்தான். அவனிடம் எவரும் எதுவும் விளக்கவில்லை. விளக்குவதற்கு எனக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை என்பதே உண்மை.

அதே ஆண்டு ஜனவரி 15ஆம் நாள்தான் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிள்ளையைப் பாதிக்கும் எந்த முடிவிலும் அப்பிள்ளை தன் கருத்தைச் சொல்லவும், அக்கருத்து அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப மதிக்கப்படவும் உரிமையுண்டு என்பது அச்சட்டத்தின் 3ஆம் பிரிவு வகுக்கும் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்று. பிள்ளையை நிறுவனத்தில் சேர்ப்பது, வேறு வழிகளைத் தக்கவாறு ஆராய்ந்த பின்னரே கைக்கொள்ள வேண்டிய கடைசி வழி என்பது மற்றொன்று. நான் அதை முதல் வழியாகக் கொண்டேன். பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைக்கு, அக்குடும்பத்திலேயே வைத்துப் பேணும் பொருட்டு நிதியாதரவு அளிக்க அச்சட்டத்தின் 45ஆம் பிரிவு இடமளிக்கிறது. இன்று மிஷன் வாத்சல்யா திட்டத்தில் அவ்வாதரவு மாதம் 4,000 ரூபாய். அம்மாச்சியின் கையைப் பிடித்து மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அழைத்துச் சென்றிருக்க வேண்டியவன், கடிதத்தாளை எடுத்து உட்கார்ந்தேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் பிள்ளையைப் பிறர் வீட்டில் விட்டு வளர்ப்பது புதிதன்று. ஏலத்தோட்ட வேலைக்காக எல்லை கடந்து இடுக்கிப் பக்கம் செல்லும் பெற்றோர், பிள்ளைகளை அம்மாச்சியிடமோ சித்தியிடமோ விட்டுச் செல்வர். பேச்சுவழக்கில் இவர்களும் 'வளர்ப்புப் பிள்ளைகள்', தத்தெடுக்கப்பட்டவரும் 'வளர்ப்புப் பிள்ளைகள்'. சட்டம் கூறும் வளர்ப்புப் பராமரிப்போ இவ்விரண்டினும் வேறானது. குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி, பெற்றோரல்லாத ஒரு குடும்பத்தில், குறுகிய காலத்திற்கோ நீண்ட காலத்திற்கோ பிள்ளை வைக்கப்படுவது அது. பெற்றோர் தகுதியற்றவர் என்று குழு கண்டதனால் பிள்ளை அவ்வாறு வைக்கப்பட்டிருந்தாலும், பிள்ளையின் நன்மைக்கு மாறானது என்று குழு காரணம் எழுதித் தடுத்தாலன்றி, பெற்றோர் குறித்த இடைவெளிகளில் வந்து காணலாம். காலப்போக்கில் பிள்ளை தன் வீட்டிற்குத் திரும்பவும் கூடும். உடன்பிறந்தாரை ஒரே குடும்பத்தில் வைக்க முயலவேண்டும் என்றும், வளர்ப்புக் குடும்பத்தை மாதந்தோறும் குழு பார்வையிட வேண்டும் என்றும் 44ஆம் பிரிவு விதிக்கிறது. தன் வீடு தன்னைக் கைவிட்டுவிட்டது என்று எண்ணி இரவில் விழித்திருக்கும் பிள்ளைக்கு இவை எத்துணைப் பெரிய செய்திகள்! ஆயின், மாதந்தோறும் வரும் அதிகாரி எதற்காக வருகிறார் என்பதே அப்பிள்ளைக்குச் சொல்லப்படாவிடில், அவர் வரும்போது அது முற்றத்தில் ஒதுங்கித்தானே நிற்கும்?

பிள்ளைகளுக்கு இவற்றை அறிவிப்பது நமது தயவைப் பொறுத்ததன்று. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 1992 டிசம்பரில் ஏற்றது. அதன் 42ஆம் விதி, உடன்படிக்கையின் கோட்பாடுகளைப் பெரியோருக்கு மட்டுமின்றிப் பிள்ளைகளுக்கும் தெரியச் செய்வதை அரசின் கடமையாக்குகிறது. தமிழகத்து இல்லங்களைப் பொறுத்தவரை நாம் நாணத்தக்க ஒரு வரலாறும் உண்டு. மாமல்லபுரம் பகுதி இல்லங்களில் பிள்ளைகள் துன்புறுத்தப்படுவதாக வந்த செய்தியிலிருந்து 2007இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு எழுந்தது. அதன் தலைப்பிலேயே தமிழ்நாட்டின் பெயர் நிற்கிறது. 2017 மே 5ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில், இல்லங்கள் யாவும் அவ்வாண்டு இறுதிக்குள் பதிவு பெறவேண்டும் என்றும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வகுக்கப்பட வேண்டும் என்றும் நீதிமன்றம் பணித்தது. அத்திட்டம் பிள்ளையோடு கலந்து பேசி எழுதப்பட வேண்டியது. அலமாரியில் பூட்டிவைத்து, ஆய்வுக்கு வருவோர்க்கு மட்டும் எடுத்துக் காட்டுவதற்குரியதன்று.

"உரிமை என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளை எதிர்த்துப் பேசும்" என்பார் நம் மூப்பர். பேசட்டுமே! செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் தகப்பனை இழந்தவர்கள். ஆசரிப்புக் கூடாரவாசலில் மோசேயின் முன்னும் பிரபுக்களின் முன்னும் சபையனைத்தின் முன்னும் நின்று அவர்கள் பங்கு கேட்டதை எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பங்கீட்டு முறை இன்னதென்று அறிந்திருந்ததனாலன்றோ அவர்கள் கேட்க இயன்றது? ஏழாண்டுக்கு ஒருமுறை நியாயப்பிரமாணத்தை உரக்க வாசிக்கும்போது பிள்ளைகளும் கூட்டப்பட வேண்டும் என்று உபாகமம் 31ஆம் அதிகாரம் விதிப்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

சொல்லும் முறையில் கவனம் வேண்டும். இல்லத்தில் விட்ட முதல் நாளில் பிள்ளையின் காதில் எதுவும் ஏறாது. அன்று 'நீ தப்புச் செய்யவில்லை, உன்னை இன்ன நாளில் வந்து பார்ப்பேன்' என்பது போதும். சொன்ன நாளில் போகவும் வேண்டும். மற்றவற்றைச் சில வாரங்கள் கழித்து, பின்னும் சில மாதங்கள் கழித்து, விடுதிக் காப்பாளரோ வளர்ப்புத் தாயோ அருகில் இல்லாத வேளையில் சொல்லுதல் நன்று. ஆறு வயதுப் பிள்ளைக்குத் தன்னை அடிக்கக் கூடாது என்பதும் 1098 என்ற எண்ணும் தெரிந்தால் போதும். (இல்லங்களில் ஒழுங்குபடுத்துவதற்கென்று அடிப்பது 82ஆம் பிரிவின்படி குற்றம், நம் இல்லங்களில் இன்னும் பிரம்பு தொங்குகிறதா என்று பார்த்து வாருங்கள்.) பன்னிரண்டு வயதினர்க்கு, 31ஆம் பிரிவின்படி பிள்ளை தானே குழந்தைகள் நலக் குழுவின் முன் செல்லலாம் என்பதைச் சொல்லலாம். பதினேழு வயதினர்க்கு, பதினெட்டு நிறைந்ததும் கதவு அடைபடாது, அதன் பின்னும் உதவிக்கு 46ஆம் பிரிவில் வழியுண்டு என்பதைச் சொல்லாதிருப்பது கொடுமை.

பிள்ளையின் கருத்து கேட்கப்படும் என்றால், அது கேட்டதெல்லாம் நடக்கும் என்பது பொருளன்று. இதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். 'நீ சொல்வதை யாரிடமும் சொல்லமாட்டேன்' என்ற வாக்கையும் ஆயர் கொடுக்கலாகாது. பாலியல் குற்றம் நிகழ்ந்தது தெரியவந்தால் காவல்துறைக்கு அறிவிப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி யாவர்க்கும் கடமை, மறைப்பவர்க்குத் தண்டனையுண்டு. பாவ அறிக்கையின் இரகசியம் பற்றிக் கல்லூரியில் நாம் கற்பித்ததை இவ்விடத்தில் மாணவர் குழப்பிக்கொள்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். "சொல், ஆனால் உன்னைக் காக்க வேண்டியவர்களுக்கு நான் சொல்ல நேரும்" என்று முதலிலேயே கூறிவிடுவதே நேர்மை.

அண்மையில், பள்ளத்தாக்கின் ஊரொன்றில் வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் பதின்மூன்று வயதுச் சிறுமியிடம் இவற்றை ஒவ்வொன்றாக விளக்கிக் கொண்டிருந்தேன். நல்ல குடும்பம், குறை ஏதும் இல்லை. உடன்பிறந்தாரைப் பற்றிய பகுதிக்கு வந்ததும் அவள் இடைமறித்தாள். "அப்ப என் தம்பியப் பாக்கணும்னு நான் கேக்கலாமா ஐயா?" தம்பி வேறு மாவட்டத்து இல்லமொன்றில் இருந்தான், இரண்டாண்டுகளாக இருவரும் சந்திக்கவில்லை. கேட்டால் வளர்ப்புத் தாய் வருந்துவாரோ என்று அவள் கேட்காமலே இருந்திருக்கிறாள். அம்மையாரோ, "இவ கேக்காததால மறந்துட்டான்னு நெனச்சேன்" என்றார். அன்று மாலையே அவள் தன் கையெழுத்தில் குழுவுக்கு விண்ணப்பம் எழுதினாள். தம்பியின் பெயரை எழுதும்போது மட்டும் அவள் பேனா சிறிது நின்றது. அவன் இப்போது எந்த வகுப்பில் படிக்கிறான் என்பது அவளுக்குத் தெரியவில்லை.