அடிபட்ட ஹெல்மெட்டை என்ன செய்வது?

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இந்தக் காலத்துத் தலைப்பாகை ஹெல்மெட். வண்டியிலிருந்து விழுந்து, தலை தப்பி, வீட்டுக்கு வந்து, குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைத்த பிறகு அந்த ஹெல்மெட்டை நாம் என்ன செய்கிறோம்? பெரும்பாலான வீடுகளில் அதைத் துடைத்து, பழைய ஆணியிலேயே மாட்டிவிடுகிறோம். பழமொழியில் வரும் தலைப்பாகை போனது போனதுதான். நாம் மட்டும், போய்விட்ட ஒன்றை இன்னும் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

நான் ரயில்வேயில் கேரேஜ் அண்டு வேகன் பிரிவில் 35 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டாக்டர் அல்ல, வெறும் டிப்ளமாக்காரன். ஆனால் மோதலைத் தாங்கும் சாமான்களோடு பழகியே காலம் கழித்தவன். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதை நம் சங்கத்துக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

உள்ளே இருப்பது என்ன?

ஹெல்மெட்டில் முக்கியமாக நான்கு பாகங்கள் உண்டு. வெளியே கெட்டியான ஓடு. அதற்குள் சுமார் 3 சென்டிமீட்டர் கனத்தில் வெள்ளை அல்லது கறுப்புத் தெர்மோகோல். அதன்மேல் தலைக்கு மெத்தென்று இருக்கும் துணியும் பஞ்சும். கடைசியாகத் தாடைப்பட்டை.

நாம் கடையில் தட்டிப் பார்ப்பது ஓட்டை. கையால் தடவிப் பார்ப்பது துணியை. தலையைக் காப்பாற்றுவதில் பெரும்பங்கு இந்த இரண்டுக்கும் நடுவே கண்ணில் படாமல் இருக்கும் தெர்மோகோலுக்கு. ஓட்டின் வேலை அடியைப் பரப்பிக் கொடுப்பதும், கூர்மையான பொருள் உள்ளே வராமல் தடுப்பதும். அடியின் வேகத்தை விழுங்குவது தெர்மோகோல்.

ஒரு சிறிய கணக்கு. வண்டியில் உட்கார்ந்திருப்பவர் தலை தரையிலிருந்து ஏறக்குறைய 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டி நின்ற நிலையிலேயே சாய்ந்து விழுந்தாலும் அந்த உயரத்திலிருந்து வரும் தலை மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். வெறும் தலை சிமென்ட் தரையில் பட்டால் அந்த வேகம் சில மில்லிமீட்டருக்குள் பூஜ்யமாக வேண்டும். 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், தலை மீது வரும் சராசரி விசை அதன் எடையைப் போல் 500 மடங்கு. அதே தலை, தெர்மோகோல் 2 சென்டிமீட்டர் அமுங்க இடம் கொடுத்து நின்றால் 75 மடங்கு. உயரத்தை நிற்கும் தூரத்தால் வகுத்தால் போதும்; பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடப் போட்டுப் பார்க்கலாம். ஆக, ஹெல்மெட் நமக்கு விற்பது அந்த 2 சென்டிமீட்டரைத்தான்.

ஒரு முறைக்குத்தான்

வீட்டில் டி.வி. வந்த பெட்டியில் தெர்மோகோல் இருந்தால் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழும். விட்ட பிறகு கொஞ்சம் எழும்பும், ஆனால் பழைய நிலைக்கு வராது. சின்னச் சின்ன மணிகள் சேர்ந்தது அது. ஒவ்வொரு மணிக்குள்ளும் மிக மெல்லிய சுவர்களுக்கு நடுவே காற்று. அடிபடும்போது அந்தச் சுவர்கள் மடங்கியும் உடைந்தும் போகின்றன. வேகம் அதில்தான் செலவாகிறது. உடைந்த சுவர் மறுபடி கூடாது. அதே இடத்தில் இன்னொரு அடி விழுந்தால், அமுங்க வேண்டிய 2 சென்டிமீட்டரில் பெரும்பகுதி ஏற்கெனவே செலவாகியிருக்கும்.

"அப்படியானால் ரப்பரால் செய்தால் என்ன?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நல்ல கேள்வி. ரயில் பெட்டியின் பஃபரில் ரப்பர்தான் இருக்கிறது. ஷண்டிங்கில் தினமும் இடிபட்டு, தினமும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டிய சாமான் அது. ஆனால் நன்றாகத் திரும்பி எழும் பொருள், வாங்கிய அடியில் ஒரு பங்கைத் திருப்பியும் கொடுக்கும். தலை பந்து போல எகிறும். தலைக்கு அது ஆகாது. அதனால்தான் வாங்கியதைத் திருப்பித் தராமல் தானே நொறுங்கிப்போகும் பொருளைத் தேர்ந்தெடுத்தார்கள். வீட்டு ஃபியூஸ் மாதிரி: எரிந்துபோவதுதான் அதன் வேலை. எரிந்த ஃபியூஸைத் துடைத்து மாட்டுவோர் யாரும் இல்லை.

வெளியே பார்த்தால் தெரியாது

ஃபியூஸ் எரிந்தால் விளக்கு அணைந்து நமக்குத் தெரிந்துவிடும். ஹெல்மெட் அப்படித் தெரிவிக்காது. பிளாஸ்டிக் ஓடு அடிபட்டதும் உள்ளே வளைந்து, உடனே வெளியே வந்துவிடும். உள்ளே தெர்மோகோல் நசுங்கியிருக்க, வெளியே ஒரு கீறல் மட்டும் இருக்கும்.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் குடியிருப்பில் நடந்ததைச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். பெரிய பையன் வார்தா ரோட்டில் மெட்ரோ தூண்களை ஒட்டி வரும்போது வண்டி வழுக்கி, தலை டிவைடர் கல்லில் பட்டது. முழங்கையில் தோல் வழன்றதோடு சரி. எழுந்து தானே வீட்டுக்கு வந்தான். இரண்டு நாள் கழித்து அவன் அம்மா என்னிடம், "அண்ணாச்சி, ஹெல்மெட் வாங்கி எட்டு மாசம்கூட ஆகலை. பெரியவனுக்கு அதைப் பார்த்தாலே பயமா இருக்காம், புதுசு வாங்கிக்கிடுதேங்கான். இதைச் சின்னவன் காலேஜுக்குப் போட்டுக்கிட்டுப் போகட்டுமே?" என்று கேட்டார்.

வாங்கிப் பார்த்தேன். வலது பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குத் தேய்ந்த கோடு, அவ்வளவுதான். துணியைக் கழற்றி விரலை ஓட்டினேன். கோட்டுக்கு நேர் உள்ளே தெர்மோகோல் லேசாகப் பள்ளமாகவும் வழவழப்பாகவும் இருந்தது. அவர்கள் சம்மதத்தோடு ஹேக்ஸா பிளேடால் அந்த இடத்தில் அறுத்தேன். உள்ளே ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். ஓட்டுக்கும் தெர்மோகோலுக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி. பெரியவன் வெகுநேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தான். "மாமா, இது என் தலையில பட வேண்டியதா?" என்றான். ஆமாம் என்றேன். சின்னவனுக்கு மறுநாளே புது ஹெல்மெட் வந்தது.

ரயில்வேயில் பெட்டி தடம் புரண்டால் அதன் சக்கரங்களைப் பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று ஓடவிட மாட்டோம். கழற்றிப் பணிமனைக்கு அனுப்பி, அளவெடுத்து, அச்சை அல்ட்ராசோனிக் கருவியால் சோதித்த பிறகே அடுத்த பேச்சு. ஹெல்மெட்டுக்கு வீட்டில் அப்படி ஒரு சோதனை இல்லை. அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். அறுத்த பிறகு அது ஹெல்மெட் இல்லை. ஆகவே துணியைக் கழற்றிப் பார்த்துக் குறை தெரிந்தால், கெட்டது நிச்சயம். குறை தெரியாவிட்டால், நல்லது என்பது நிச்சயமில்லை.

எந்த அடிக்கு மாற்ற வேண்டும்?

தலை உள்ளே இருக்க, ஹெல்மெட் தரையிலோ, கல்லிலோ, வேறு வண்டியிலோ பட்டிருந்தால் மாற்றுங்கள். "மெதுவாகத்தான் பட்டது" என்பது கணக்கில் சேராது. நின்ற நிலையில் விழுந்தாலே 20 கிலோமீட்டர் வேகம் என்று மேலே பார்த்தோம்.

ஆள் விழுந்து, ஹெல்மெட் எதிலும் படவில்லை என்பது உறுதியானால் மாற்றத் தேவையில்லை. ஆனால் விழுந்தவருக்கு அந்த நொடி சரியாக நினைவிருக்காது. ஓட்டைச் சுற்றிப் புதுக் கீறல் இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

வெறும் ஹெல்மெட் சீட்டிலிருந்து கைதவறி விழுந்தால் பதற வேண்டாம். நாலைந்து கிலோ எடையுள்ள தலை உள்ளே இல்லாததால் தெர்மோகோலுக்கு உள்ளிருந்து அழுத்தம் கிடையாது. பிளவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடலாம். ஓடும் வண்டியிலிருந்தோ மாடியிலிருந்தோ விழுந்தது என்றால் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அடியே படாவிட்டாலும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான வழக்கம். வியர்வை, தலைக்கு வைக்கும் எண்ணெய், நம் நாக்பூர் மே மாத வெயில் எல்லாம் மெல்ல மெல்ல வேலை செய்கின்றன. பெட்ரோலும் தின்னரும் தெர்மோகோலைக் கரைத்தே விடும். ஹெல்மெட்டைச் சோப்புத் தண்ணீரால் மட்டும் துடையுங்கள், பெயின்ட் அடிக்காதீர்கள். மாற்றலாகிப் போகிறவர்கள் வண்டியைப் பார்சல் வேனில் போடும்போது ஹெல்மெட்டையும் சேர்த்துச் சாக்கில் கட்டிவிடுகிறார்கள். அதைக் கையோடு எடுத்துப் போவதே நல்லது.

யாருக்கும் கொடுக்காதீர்கள்

சாமானை வீணாக்காமல் இன்னொருவருக்குக் கொடுப்பது நம் வீடுகளில் நல்ல பழக்கம். ஊரை விட்டு வந்து சிக்கனமாகக் குடித்தனம் செய்தவர்களுக்கு அது ரத்தத்திலேயே ஊறியது. ஆனால் அடிபட்ட ஹெல்மெட்டைத் தம்பிக்கோ, வாட்ச்மேனுக்கோ, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் மகனுக்கோ கொடுத்தால் அவர்களுக்கு எதைக் கொடுக்கிறோம்? தலையில் ஒன்று இருக்கிறது என்ற தைரியத்தை மட்டும். தெருவில் நிறுத்தும் போலீஸ்காரர் கண்ணுக்கும் நல்லதும் கெட்டதும் ஒன்றுபோலவே தெரியும். 194டி பிரிவின்படி உள்ள 1,000 ரூபாய் அபராதத்திலிருந்து அது தப்ப வைக்கும். டிவைடர் கல்லிலிருந்து தப்ப வைக்காது.

கபாடிக்காரரிடம் அப்படியே போட்டாலும் அது துடைத்துப் பழைய சாமான் கடைக்குப் போய்விடும். ஆகவே முதலில் கத்தரியால் தாடைப்பட்டையை இரண்டு பக்கமும் வெட்டிவிடுங்கள். ஓட்டில் ஆணியால் பெரிதாக ஒரு குறுக்குக்கோடு கீறிவிடுங்கள். பிறகு போடுங்கள். இதே காரணத்தால் பழைய ஹெல்மெட்டை விலைக்கு வாங்கவும் கூடாது. புனேயிலும் பெங்களூரிலும் ஹாஸ்டலில் இருக்கும் நம் பிள்ளைகள் பழைய பைக் வாங்கும்போது "ஹெல்மெட் சும்மா தருகிறேன்" என்பார்கள். அதன் சரித்திரம் யாருக்குத் தெரியும்?

விழுந்த அன்றே ஒரு வேலை உண்டு. ஹெல்மெட்டை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எந்தப் பக்கம் அடி, எவ்வளவு அடி என்பதற்கு அது சாட்சி. தலைவலி கூடிக்கொண்டே போவது, வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல் இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் படுக்கவைத்துக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

புதிது வாங்கும்போது

2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இருசக்கர ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம். முத்திரையோடு ஐ.எஸ். 4151 என்ற எண்ணும், சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியில் போட்டால் கம்பெனியின் பெயர் வரும். ஸ்டிக்கர் அச்சடிப்பது சுலபமாதலால் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

பணிமனையில் போடும் மஞ்சள் தொப்பி சாலைக்கு உதவாது. அது மேலிருந்து விழும் சாமானுக்காக ஐ.எஸ். 2925 என்ற வேறு தரத்தில் செய்தது. ரயில்வே காலனிகளில் அதைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டுபவர்களை இன்றும் பார்க்கிறேன்.

அளவு முக்கியம். புருவத்துக்குச் சற்று மேலே டேப்பைச் சுற்றி அளந்து வாங்குங்கள். போட்டுக்கொண்டு அசைத்தால் கன்னத்துச் சதையும் கூடவே அசைய வேண்டும். பட்டையை மாட்டிய பிறகு பின்புறத்திலிருந்து மேலே தள்ளினால் கழன்று வரக்கூடாது. பெண்கள் கொண்டையின் மேல் ஹெல்மெட்டை வைத்தால் அது தலையில் உட்காராது. சடையாகத் தாழப் பின்னிக்கொள்வது நல்லது.

பின்னால் உட்காருபவருக்கும் இவ்வளவும் பொருந்தும். 2022-இல் ஹெல்மெட் போடாததால் நம் நாட்டில் இறந்தவர்கள் 50,029 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள். பேரப்பிள்ளைகளின் சைக்கிள் ஹெல்மெட்டிலும் பெரும்பாலும் இதே தெர்மோகோல்தான். விழுந்து அடிபட்டால் அதற்கும் இதே விதி.

நல்ல ஹெல்மெட் ஒன்று ஆயிரம் ரூபாய்க்குச் சற்று முன்பின்னாகக் கிடைக்கிறது. மாற்றுவதா வேண்டாமா என்று சந்தேகமுள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை சங்க நூலகத்துக்கு ஹெல்மெட்டைக் கொண்டு வாருங்கள். உள்துணியைக் கழற்றிச் சேர்ந்து பார்ப்போம். மாற்ற வேண்டியது என்று தெரிந்தால் பட்டையை வெட்டக் கத்தரி என்னிடம் இருக்கும்.