சென்னையில் பிறந்த மூலக்கூறு

2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒரு புதிய ஊசி மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. சிறுநீரகம்வரை பரவும் கடுமையான சிறுநீர்த் தொற்றுக்கான மருந்து அது. அதில் இரண்டு பொருள்கள். ஒன்று, செஃபிபிம் என்ற பழைய ஆன்டிபயாடிக். மற்றது என்மெட்டாசோபாக்டம், இது பிறந்தது சென்னையில், ஆர்க்கிட் நிறுவனத்தின் ஆய்வகத்தில்!

பெனிசிலின், செஃபிபிம் போன்ற மருந்துகளுக்கு உயிர்நாடி, பீட்டா லாக்டம் என்ற நான்கு அணு வளையம். பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்ட விடாமல் தடுப்பது அதுதான். எதிர்ப்புத்திறன் பெற்ற ஈ.கோலை, கிளெப்சியெல்லா கிருமிகள் இ.எஸ்.பி.எல். எனப்படும் நொதிகளால் அந்த வளையத்தையே உடைத்துவிடுகின்றன. மருந்து உடம்பில் ஏறும், கிருமி சாகாது.

இவ்வகை நொதிகளை முடக்க டாசோபாக்டம் ஏற்கெனவே உண்டு. சென்னை விஞ்ஞானிகள் அதில் ஒரேயொரு மீத்தைல் தொகுதியைச் சேர்த்தார்கள். மூலக்கூறின் நேர், எதிர் மின்னூட்டங்கள் சமமாயின. கிருமியின் வெளிச்சவ்வைத் தாண்டுவது எளிதாயிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த இறுதிக்கட்டச் சோதனையில், புதிய கூட்டு மருந்து 79 சதவீதத்தினருக்குப் பலனளித்தது. டாசோபாக்டம் கலந்த பழைய மருந்துக்குக் கிடைத்தது 59 சதவீதமே.

இத்தனை நல்ல மூலக்கூறு, 2013-இல் ஐரோப்பாவின் அலெக்ரா நிறுவனத்துக்கு உரிமம் மாற்றப்பட்ட பிறகும், நோயாளியை அடையப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது. மனிதர்களிடம் சோதிக்கும் கட்டங்களுக்குப் பெரும் பணம் வேண்டும். புதிய ஆன்டிபயாடிக்கையோ சிக்கனமாகத்தான் பயன்படுத்த வேண்டும். அதனால் விற்பனை குறைவு. பிளாசோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு 2018-இல் ஒப்புதல் பெற்ற அமெரிக்காவின் அக்கேஜன் நிறுவனம், மறு ஆண்டே திவாலானது.

2021-இல் மட்டும் எதிர்ப்புத்திறன் பெற்ற பாக்டீரியாக்கள் நேரடியாகப் பறித்த உயிர்கள் 11 லட்சத்துக்கும் அதிகம் என்கிறது லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு. இந்தியாவில் பரவலாக உள்ள என்.டி.எம். என்ற மற்றொரு நொதியை என்மெட்டாசோபாக்டமாலும் முடக்க முடியாது. அடுத்த மூலக்கூறு இப்போதே தேவை.

இங்கிலாந்து 2022-இல், எத்தனை ஊசி விற்றாலும் ஆண்டுக்கு ஒரு நிலையான தொகை என்ற முறையில் இரு ஆன்டிபயாடிக்குகளுக்குப் பணம் தரத் தொடங்கியது. இந்திய அரசும் தனக்கேற்ற ஒரு வழியை வகுக்க வேண்டும். புது மருந்தைக் கண்டுபிடிக்கும் திறமை நம்மிடம் உண்டு என்பதைச் சென்னை காட்டிவிட்டது. அதைக் கடைசிவரை தாங்கிப் பிடிக்கும் பணமும் இங்கிருந்தே வரட்டும்.