காலைக்கடன் முதல் கைமாற்று வரை!

'கடன்' என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? பேங்க், வட்டி, மாசத் தவணை, அடகுக் கடை... இப்படித்தானே? ஆனால், காலையில் கண் விழித்ததும் நாம் எல்லோரும் முதலில் அடைப்பது பணக் கடன் அல்ல. காலைக்கடன்! கோடீஸ்வரர் வீட்டிலும் அது உண்டு, குடிசை வீட்டிலும் உண்டு.

மலம் கழிப்பதற்கும் மளிகைக் கடை பாக்கிக்கும் ஒரே வார்த்தையா என்று யோசித்திருக்கிறீர்களா? ஒரு சித்த மருத்துவனாக எனக்கு இந்த வார்த்தை மேல் தனி மரியாதை உண்டு. காரணம், நோய் எப்படி வருகிறது என்பதை இதை விட எளிதாகச் சொல்லித்தர இன்னொரு வார்த்தை கிடையாது.

வார்த்தைக்கு உள்ளே என்ன இருக்கிறது?

வாங்கிய பணம் மட்டும் கடன் அல்ல. செய்தே தீர வேண்டிய பொறுப்பும் கடன்தான். புறநானூற்றில் பொன்முடியார் பாடிய பாட்டு ஒன்று இருக்கிறது. தாய், தகப்பன், கொல்லன், வேந்தன், போருக்குப் போகும் மகன் என்று ஒவ்வொருவருக்கும் உரிய பொறுப்பை அந்தப் பாட்டு 'கடன்' என்றே சொல்கிறது. 'கடமை'யும் இதற்கு உடன்பிறப்புதான். சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலத்துக்குக் கட்டும் வரிக்கே 'கடமை' என்று பேர்!

இன்றைக்கும் நம் பேச்சில் இந்த இரண்டு அர்த்தமும் கலந்தேதான் கிடக்கின்றன. பழநிக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டால் அது நேர்த்திக்கடன். உதவியவரை மறக்காமல் இருப்பது நன்றிக்கடன். பெரியவர்களுக்குத் திதி கொடுப்பது பிதிர்க்கடன். வேண்டா வெறுப்பாகச் செய்தால் "கடனேன்னு செய்யறான்" என்கிறோம். கொடுத்தவரும் கடன்காரர், வாங்கியவரும் கடன்காரர். வாங்காமலே அந்தப் பட்டம் பெறுகிறவர்களும் உண்டு... "எங்கடா போய்த் தொலைஞ்சே, கடன்காரா!" என்று அம்மாவிடம் திட்டு வாங்கும் பிள்ளைகள்!

பணத்திலேயே நுணுக்கம் இருக்கிறது. "ஒரு ஆயிரம் இருந்தா குடுங்க, ஒண்ணாம் தேதி தந்துடறேன்" என்பது கைமாற்று. அதற்கு வட்டி கிடையாது, நம்பிக்கைதான் ஜாமீன். நகையை வைத்து வாங்கினால் அடகு. கொடுக்காமல் நிற்பது பாக்கி. வாங்கிய தொகை அசல். அந்த அசல் போடும் குட்டி வட்டி.

இத்தனை அர்த்தத்துக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. கடன் என்றால் அதற்கு ஒரு கெடு உண்டு. கெடுவுக்குள் அடைத்தால் ஒன்றுமில்லை. தள்ளிப்போட்டால் வளரும். உடம்பும் இதே கணக்குப்படிதான் நடக்கிறது.

உடம்பு கேட்கும் 14

சித்த மருத்துவத்தில் 'பதினான்கு வேகங்கள்' என்று ஒரு பாடம் உண்டு. வேகம் என்றால் இயற்கையாக எழும் உந்துதல். அபான வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், மூச்சு ஆகியவைதான் அந்தப் பதினான்கு. இவற்றை வலுக்கட்டாயமாக அடக்கினால் எந்தெந்த நோய் வரும் என்று நம் நூல்கள் வரிசையாகச் சொல்லியிருக்கின்றன. அதாவது, உடம்பு நம்மிடம் 14 விதமாகக் கடன் கேட்கிறது. "அப்புறம் வா" என்று திருப்பி அனுப்பினால் வட்டியோடு வந்து நிற்கும்.

முதலில் காலைக்கடன். காலையில் தண்ணீரோ காபியோ வயிற்றுக்குள் போனதும் பெருங்குடல் அசைய ஆரம்பிக்கும். அந்த உந்துதல் வரும்போது, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, சாயங்காலம் பார்த்துக்கலாம்" என்று ஓடினால் என்ன ஆகும்? மலத்தில் இருக்கும் நீரைக் குடல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலம் இறுகும். மறுநாள் முக்க வேண்டும். மூலம், வெடிப்பு எல்லாம் இப்படித்தான் ஆரம்பம்.

இதற்குத் தினமும் பேதி மருந்து சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது கைமாற்று வாங்கிக் கடன் அடைப்பது மாதிரி! நாளாக ஆக மருந்து இல்லாமல் குடல் அசையாது என்ற நிலைமைக்குப் போய்விடும். காலையில் 10 நிமிஷம் முன்னதாக எழுந்திருங்கள். இளஞ்சூடாக இரண்டு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். கீரையும் பழமும் தினம் இருக்கட்டும். தேவைப்பட்டால் சில நாட்களுக்கு இரவில் அரை டீஸ்பூன் திரிபலா சூரணத்தை வெந்நீரில் சாப்பிடலாம். கர்ப்பிணிகளுக்கு இது வேண்டாம். மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, பழக்கம் திடீரென்று மாறினாலோ கைவைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அடுத்தது சிறுநீர். டீச்சர்கள், ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள்... இவர்களில் பலர் பாத்ரூம் சரியில்லை என்று அடக்கிக்கொள்கிறார்கள். அது மட்டுமா? "தண்ணி குடிச்சாத்தானே போகணும்" என்று தண்ணீரையும் நிறுத்திவிடுகிறார்கள். தாகம் ஒரு கடன், சிறுநீர் ஒரு கடன். இரண்டையும் சேர்த்து ஏமாற்றினால் நீர்க்கடுப்பு, கிருமித் தொற்று, கல் என்று வட்டி கட்ட வேண்டியதுதான்.

தூக்கக் கடன்

இங்கிலாந்து விஞ்ஞானி ஏ.வி.ஹில், 1922-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றவர். பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டு, ஏறி உட்கார்ந்த பிறகும் மூச்சு வாங்குகிறதே, அதற்கு அவர் வைத்த பேர் 'ஆக்சிஜன் கடன்'. ஓடும்போது வாங்கியதை உடம்பு உட்கார்ந்து அடைக்கிறது. அந்தக் கடன் சிறிது நேரத்தில் தீர்ந்துவிடும். தூக்கக் கடன் அப்படி அல்ல.

உங்களுக்கு 7 மணி நேரத் தூக்கம் தேவை, தூங்குவது ஐந்தரை மணி என்று வைத்துக்கொள்வோம். தினம் ஒன்றரை மணி பாக்கி. திங்கள் முதல் சனி வரை 9 மணி நேரம்! ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் கூடுதலாகத் தூங்கினால் வட்டிக்குக்கூடக் காணாது. தலைபாரம், கண் சிவப்பு, பேச்சில் தடுமாற்றம் என்று நம் நூல்கள் சொன்ன குறிகளோடு, ரத்த அழுத்தம், சர்க்கரை ஏறுவதையும் இன்றைய மருத்துவம் சேர்த்துச் சொல்கிறது.

"காபி குடிச்சா சரியாப் போகுது டாக்டர்" என்பார்கள். விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். "தூங்கு" என்று சொல்வது அதுதான். காபி அந்தக் குரல் கேட்காமல் மறைக்குமே தவிர, பாக்கியைக் குறைக்காது. வசூலுக்கு வந்தவரை வாசலிலேயே நிறுத்திவைப்பது போல! மாலை 4 மணிக்கு மேல் காபி வேண்டாம். படுக்கும் நேரத்தை மாற்றாதீர்கள். இளஞ்சூடான பாலில் ஒரு சிட்டிகை சாதிக்காய்த் தூள் போட்டுக் குடிக்கலாம். சிட்டிகைதான், அதற்கு மேல் போனால் நஞ்சு. கர்ப்பிணிகளுக்கு இதுவும் கூடாது.

இரண்டு கடனும் சந்திக்கும் இடம்

வயிற்றெரிச்சல், தூக்கமின்மை, படபடப்பு என்று நடுத்தர வயதுக்காரர் வந்தால், நாடி பார்த்த பிறகு மெதுவாக ஒரு கேள்வி கேட்பேன்: "வெளியில ஏதாவது பாக்கி இருக்கா?"

அப்படி ஒருவரைக் கேட்டபோது, அவர் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த மனைவி, "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க டாக்டர், ஆண்டவன் புண்ணியத்துல யார்கிட்டயும் கையேந்தல" என்றார். அவர் தலை குனிந்துகொண்டார். மறுநாள் தனியாக வந்தார். மகள் கல்யாணத்துக்கு 6 லட்சம், மூணு வட்டிக்கு வாங்கியிருக்கிறார். வீட்டுக்குத் தெரியாது. எண்டோஸ்கோப்பி வரைக்கும் பார்த்தாகிவிட்டது, எல்லாம் 'நார்மல்'!

'மூணு வட்டி' என்பது காதுக்குச் சின்னதாகத்தான் இருக்கும். நூறு ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய். அதாவது ஆண்டுக்கு 36 சதவீதம். 6 லட்சத்துக்கு மாதம் 18,000 ரூபாய் வட்டி மட்டும். அசல் அசையாது. கிரெடிட் கார்டில் 'குறைந்தபட்சத் தொகை' மட்டும் கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கும் பல பேங்குகளில் ஏறக்குறைய இதே வட்டிதான், சிலவற்றில் இதற்கும் மேலே!

பயத்தில் இருக்கும் உடம்பில் அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்கள் ஓயாமல் சுரக்கின்றன. நெஞ்சு படபடக்கும், பசி கெடும், விடியற்காலை 3 மணிக்கு முழிப்பு வரும். அழவும் முடியாமல் அடக்குகிறார்களே, அந்தக் கண்ணீரும் பதினான்கு வேகங்களில் ஒன்று என்பதை மறக்காதீர்கள். கண்ணீரை அடக்கினால் குன்மம் வரும் என்று நூல் சொல்கிறது. குன்மம் என்றால் என்ன? வயிற்று வலி, எரிச்சல், செரியாமை!

அவருக்கு மருந்து கொடுத்தேன். கூடவே, "வீட்டம்மாகிட்ட சொல்லுங்க" என்றேன். இரண்டு நாள் அந்த அம்மா பேசவில்லையாம். மூன்றாம் நாள் தன் நகையைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். பேங்கில் நகைக் கடனாக, ஆண்டுக்குச் சுமார் 10 சதவீத வட்டியில் வாங்கி, மூணு வட்டியை அடைத்தார்கள். மாதம் 18,000 இருந்த வட்டி 5,000 ஆனது. தூக்கம் திரும்பியது, எரிச்சல் தணிந்தது. ரத்த அழுத்த மாத்திரை மட்டும் தொடர்கிறது. அது கட்டியே தீர வேண்டிய வட்டி.

கடன் இருக்கிறதா? இதைச் செய்யுங்கள்

* ஒரு வெள்ளைத் தாளில் யாருக்கு, எவ்வளவு அசல், என்ன வட்டி என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். மனசுக்குள் இருக்கும் கடன் பூதம் மாதிரி. தாளில் இறங்கிவிட்டால் அது வெறும் எண்தான். வட்டி அதிகமானதை முதலில் அடையுங்கள்.

* வீட்டில் ஒருவரிடமாவது இன்றே சொல்லுங்கள். சொல்லக் கேட்பவர்களே, உடனே திட்டாதீர்கள். கோபத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

* மருந்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தேவைப்படுவோருக்கு வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பல அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவும் உண்டு.

* பேங்க், நிதி நிறுவனங்களின் வசூல் ஏஜென்டுகள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் கடன் பாக்கிக்காகப் போன் செய்யக் கூடாது, மிரட்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் சொல்லியிருக்கிறது. தனியார் கந்துவட்டிக்கு எதிராக நம் மாநிலத்தில் 2003 முதல் சட்டம் இருக்கிறது. போலீசில் புகார் தரலாம்.

* "செத்துடலாமா" என்ற நினைப்பு ஒரு தடவை வந்திருந்தாலும் தனியாக இருக்காதீர்கள். 104 அல்லது 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

கடன் படாத மனிதன் இல்லை. உடம்பு தினமும் 14 தடவை நம்மிடம் கடன் கேட்கிறது, நாமும் அடைத்துக்கொண்டேதான் வாழ்கிறோம். ஒளிக்காமல், தள்ளிப்போடாமல், அந்தந்த நேரத்தில் அடைத்துவிட்டால் போதும். பணக் கடனுக்கு மருந்துக் கடையில் மருந்து கிடையாது. ஆனால், அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பாதி நோய் இறங்கும். இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் டி.வி.யைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, அந்த வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்காருங்களேன்!