சூடு எல்லை கடந்தால்

கிழக்குக் கரையில் வாழும் நமக்குக் கடல் அன்னமிடும் தாய். அத்தாயின் மடியிலே பெருநெருப்பு ஒன்று மூண்ட செய்தியை நம்மவர் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். 2020ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 3ஆம் திகதி, குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப் துறைமுகம் நோக்கிச் சென்ற ‘நியூ டயமன்ட்’ என்னும் கப்பலின் இயந்திர அறையில் தீப்பற்றியது. இடம், சங்கமன்கண்டி முனையிலிருந்து 38 கடல் மைல் தொலைவு. கப்பலில் இருந்ததோ ஏறத்தாழ 270,000 தொன் மசகு எண்ணெய். மாலுமி ஒருவர் உயிரிழந்தார். காயமுற்ற மற்றொருவர் கல்முனை மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்.

அவ்வெண்ணெய் கடலிற் கலந்திருப்பின், மருதமுனை முதல் பொத்துவில் வரை வலைவீசி வாழும் குடும்பங்களின் கதி என்னவாகியிருக்கும்? நல்லவேளையாக அவ்வாறு நிகழவில்லை. இலங்கைக் கடற்படையினரும் விமானப்படையினரும், இந்தியக் கடற்படையினரும் கரையோரக் காவற்படையினரும் ஒன்றுகூடிப் போராடினர். தீ அணைந்துவிட்டதென 6ஆம் திகதி நம்பப்பட்டது. ஆயினும், கப்பலின் இரும்பு இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. காற்றும் பலமாக வீசியது. மறுநாளே தீ மீண்டும் மூண்டது. 9ஆம் திகதியே அது முற்றாக அடங்கியது. சுவாலை மறைந்த பின்னரும் நீர் பாய்ச்சிக் குளிர்விக்க வேண்டியதன் காரணம் இப்போது விளங்குகிறதன்றோ? சுவாலை கண்ணுக்குத் தெரியும், சூடு தெரியாது. ஆபத்து சூட்டிலேதான் குடிகொண்டிருக்கிறது.

ஒவ்வோர் ஆபத்தான பொருளுக்கும் ஒரு வெப்ப எல்லை உண்டு. எரிநெய்களை முதலில் நோக்குவோம். எந்த வெப்பநிலையில் ஓர் எண்ணெய், சிறு பொறி பட்டாலும் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவியை வெளிவிடத் தொடங்குகிறதோ, அதுவே அதன் தீப்பற்று நிலை. மண்ணெண்ணெய்க்கு இது ஏறத்தாழ 38 பாகை சென்ரிகிரேட்டும் அதற்கு மேலும் ஆகும். பெற்றோலுக்கோ பூச்சியத்துக்கும் கீழே ஏறத்தாழ 40 பாகை! ஆகவே, நம் ஊரின் மிகக் குளிர்ந்த இரவிலும் பெற்றோல் பொறியொன்றுக்காகக் காத்திருக்கும் பொருளே. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது அதனைக் கலன்களில் நிரப்பி வீட்டுக்குள் வைத்தவர் பலர். அடுப்பும் விளக்கும் உள்ள வீட்டில் அது எத்தகைய விருந்தாளி என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அடுத்தது, சமையலறை எரிவாயு. சிலிண்டரினுள் அது அமுக்கத்தால் திரவமாகி இருக்கிறது. வெப்பநிலை 30 பாகையிலிருந்து 50 பாகைக்கு ஏறினால், அதிலுள்ள புரோப்பேனின் அமுக்கம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். திரவமும் விரிவடையும். இதனாலேயே சிலிண்டரை முழுவதும் நிரப்பாமல் மேலே வெற்றிடம் விடுகின்றனர். அதனை வெயிலிலும் அடுப்பருகிலும் வைக்காது, காற்றோட்டமுள்ள இடத்தில் நிமிர்த்தியே வைத்தல் நலம்.

மூன்றாவது வகை இவ்விரண்டினும் விந்தையானது. பொறியும் வேண்டாது, தானே சூடேறிச் சிதையும் பொருள்கள் சில உள. சேதனப் பேரொட்சைட்டுகள் இவ்வகையின. சிதையும்போது வெப்பம் பிறக்கிறது. அவ்வெப்பம் சிதைவை மேலும் விரைவாக்குகிறது. வெளியேறும் வெப்பத்தினும் உள்ளே பிறக்கும் வெப்பம் மிகுந்துவிட்டால், பின்னர் அதனைத் தடுத்தல் அரிது. பொதி பெரிதாகப் பெரிதாக வெப்பம் வெளியேறுவது கடினமாதலின், ஆபத்தெல்லையும் தாழ்ந்துகொண்டே வரும்.

ஐக்கிய நாடுகளின் போக்குவரத்து விதிகள் இவற்றுக்குத் தெளிவான கணக்கொன்றை வகுத்துள்ளன. தானே விரையும் சிதைவு தொடங்கும் எல்லை 20 பாகை அல்லது அதற்குக் குறைவாயின், அதற்கு 20 பாகை கீழாகவே ஏற்றிச் செல்லல் வேண்டும். அவ்வெல்லைக்கு 10 பாகை அளவில் நெருங்கிவிட்டால் உடனே அபாய நடவடிக்கை தொடங்குதல் வேண்டும். எல்லையைத் தொட்ட பின்னர் விழிப்பதிற் பயனில்லை என்பதே இவ்விதியின் உட்பொருள்.

இது தொலைதூரக் கப்பல்களுக்கு மட்டும் உரிய செய்தி என்று எண்ணற்க. நம் கரையிலே பைபர் படகுகளைக் கட்டவும் பழுதுபார்க்கவும் ரெசினோடு சிறிதளவு கலக்கும், பசையை இறுகச் செய்யும் திரவமும் பெரும்பாலும் இவ்வினத்ததே. அதனை 30 பாகைக்குக் கீழே வைக்குமாறு தயாரிப்பாளர் பொதுவாக அறிவுறுத்துவர். நண்பகலில் தகரக் கூரையின் கீழ் அந்த அளவு எளிதில் மீறப்படும் என்பதை நம் மீனவர் நன்கறிவர். போத்தலை நிழலில், தனியே வைத்தல் வேண்டும். இறுகுதலைத் துரிதப்படுத்தும் கோபாற்றுக் கலவையோடு அதனை நேரே ஒருபோதும் கலத்தலாகாது. கலந்தால் வெடிக்கவும் கூடும். ஒன்றை ரெசினில் நன்கு கலக்கிய பின்னரே மற்றதைச் சேர்த்தல் முறை.

கொள்கலனில் ஒட்டிய சிட்டையைப் படித்தல் சிறு வேலை. வீட்டில் எழுத்தறிந்த பிள்ளை இருப்பின், வாப்பாவுக்கும் மாமாவுக்கும் அதனைப் படித்துச் சொல்வது அப்பிள்ளையின் கடமையாகட்டும். எந்தச் சூடுவரை இப்பொருளை வைக்கலாம், எங்கே வைக்கலாம், எதனோடு சேர்க்கலாகாது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே அதனை வீட்டிலோ வாடியிலோ வைப்போமாக. நம் கடலை ஒருமுறை காத்தது அயராது பாய்ச்சிய நீர். நம் வீட்டைக் காப்பது முன்கூட்டிய அறிவேயாகும்.