சங்க மண்டபம் காவல் தலைமையகமான கதை: மெரினாவின் வெள்ளைக் கட்டடத்துக்கு 1839-ல் தொடங்கிய வரலாறு

சென்னை: மெரினா கடற்கரையை ஒட்டி, கடலைப் பார்த்தபடி வெண்ணிறத் தூண்களுடன் நிற்கிறது தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் அலுவலகம். இக்கட்டடம் காவல்துறைக்காகக் கட்டப்பட்டதன்று. ஃப்ரீமேசன் சகோதரத்துவச் சங்கத்தின் கிளையான 'லாட்ஜ் ஆஃப் பெர்ஃபெக்ட் யுனானிமிட்டி' 1839-ல் தனக்கென எழுப்பிய மண்டபம் இது.

லாட்ஜ் என்பது என்ன?

இங்கு லாட்ஜ் என்பது தங்கும் விடுதியைக் குறிக்காது. ஃப்ரீமேசன் உறுப்பினர்களின் கிளையையும் அவர்கள் கூடும் இடத்தையும் குறிக்கும். கல்தச்சர்களின் மூலைமட்டமும் கவராயமுமே சங்கத்தின் சின்னங்கள். கூட்ட அறையில் தலைவரின் இருக்கை கிழக்கே அமையும். தரையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் இருக்கும். சடங்குகள் உறுப்பினர்கள் மட்டுமே காணக் கூடியவை. இத்தகைய பெரிய கூடம் வழிபாட்டுக்கும் ஏற்றது என்பதால், உறுப்பினர் குறைந்த வெளிநாடுகளில் பல லாட்ஜ் கட்டடங்கள் தேவாலயங்களாகியுள்ளன. சென்னையில் அந்த இடத்துக்குக் காவல்துறை வந்தது.

வாடகை 90 ரூபாய்

1859-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணக் காவல்துறை புதிதாக அமைக்கப்பட்டது. அது 1865-ல் மாதம் 90 ரூபாய் வாடகைக்கு இக்கட்டடத்தில் குடியேறியது. 1874-ல் 20,000 ரூபாய்க்கு விலைக்கு வாங்கியது. அன்றைய வாடகைக் கணக்கில் இது 18 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தொகை. ஃப்ரீமேசன்களுக்குப் பின்னாளில், 1925-ல், எழும்பூரில் தனி அரங்கம் அமைந்தது.

இடிப்பிலிருந்து தப்பியது

1990-களின் தொடக்கத்தில் இதனை இடித்துவிட்டுப் பல மாடிக் கட்டடம் எழுப்ப அரசு திட்டமிட்டது. மரபுரிமைப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் நீதிமன்றத்தை நாடியது. இடிப்புத் திட்டம் கைவிடப்பட்டு, பழைய கட்டடம் புதுப்பிக்கப்பட்டது. கூடுதல் இடத்தேவைக்குப் புதிய கட்டடங்கள் தனியே எழுந்தன.

அந்நாளில் மாநிலத்தில் மரபுக் கட்டடங்களுக்கெனத் தனி ஆணையம் இல்லை. தமிழ்நாடு மரபுரிமை ஆணையச் சட்டம் 2012-ல்தான் நிறைவேறியது. வழக்குத் தொடுக்க ஆளில்லாமல் போயிருந்தால், இச்சட்டம் வரும் முன்பே கட்டடம் மறைந்திருக்கும்.

கட்டியவர்கள் இதில் கூடியது சில பத்தாண்டுகளே. காவல்துறை ஒன்றரை நூற்றாண்டைக் கடந்து இதனைப் பயன்படுத்தி வருகிறது. பயன்பாடு மாறியபோதும் தூண்கள் அப்படியே நிற்கின்றன. பழைய கட்டடங்களைக் காப்பதற்கு அவற்றைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை, பயன்பாட்டில் வைத்தே காக்கலாம் என்பதற்கு இதுவே சான்று.