வெயில் மேல் பழி!

பென்னாகரம் பக்கம் சித்திரை வெயிலில் குழந்தையின் பிட்டம் சிவந்துவிட்டால் பாட்டிமார் சொல்வது ஒன்றுதான்: "உடம்புச் சூடு!" தாயும் 'வைப்ஸ்' என்னும் ஈரத்தாளை எடுத்து இன்னும் நன்றாகத் துடைக்கிறாள். சிவப்பு அதிகமாகிறது.

பாவம், வெயில்! அந்த ஈரத்தாள் மாதக் கணக்கில் கெடாமல் இருப்பது எப்படி? மருந்து கலந்திருப்பதால்தான். அவற்றில் ஒன்று மெத்தில்ஐசோதயசோலினோன். (பெயரே வாயில் நுழையவில்லை; குழந்தையின் தோல் என்ன செய்யும்?) 2014-இல் அமெரிக்க டாக்டர்கள் ஆறு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். வாயைச் சுற்றியும் பிட்டத்திலும் சொறி. முதலில் கரப்பான் என்றார்கள்; வேறு என்னென்னவோ என்றார்கள். கடைசியில் ஈரத்தாளை நிறுத்தினார்கள், சொறி ஆறிற்று. கழுவாமல் உடம்பிலேயே விட்டுவிடும் பொருள்களில் அந்த மருந்தைச் சேர்க்க 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது.

தாய்மார்களே, உறையிலுள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். வாசனை சேர்த்த டயாபரும் வேண்டாம். வீட்டில் பழைய வேட்டித் துணியும் வெதுவெதுப்பான நீரும் போதும். "துணி அலசத் தண்ணீருக்கு எங்கே போவது?" என்று தருமபுரித் தாய் கேட்பது நியாயமே. ஆனாலும் அரைகுறையாக அலசாதீர்கள்; துணியில் தங்கும் சோப்பும் தோலை எரிக்கும்.

இரண்டு மூன்று நாளில் சிவப்பு தணியாவிட்டால் டாக்டரிடம் போங்கள். போகும்போது அந்த ஈரத்தாள் உறையையும் கையோடு கொண்டுபோங்கள்.