பெயர் சொல்லும் பிர்ச் மரம்

தாவரவியல் வகுப்பில் இலத்தீன் பெயர்களை மனப்பாடம் செய்யும்போது நமக்கு அலுப்புத் தட்டுவதுண்டு. ஆயினும் பொருளை அறிந்துகொண்டால், ஒவ்வொரு பெயரும் ஒரு செய்தி கூறுவதைக் காண்போம். குளிர்நாடுகளிலும் இமயமலையிலும் வளரும் பிர்ச் மரமே இதற்குச் சான்று.

'பிர்ச்' என்னும் ஆங்கிலச் சொல்லும் 'பூர்ஜம்' என்னும் வடசொல்லும் ஒரே பழைய வேரிலிருந்து கிளைத்தவை. ஒளிர்வது, வெண்மையானது என்பது அவ்வேரின் பொருள் என்பர் மொழிநூலார். வெண்ணிறப் பட்டையே இப்பெயருக்குக் காரணம்.

தாவரவியலார் இப்பேரினத்தைப் 'பெட்டுலா' என்பர். அதனையடுத்து வரும் சொல்லே ஒவ்வோர் இனத்தின் இயல்பையும் காட்டும். நுனிக்கிளைகள் தொங்கும் ஐரோப்பிய மரம் 'பெண்டுலா', அதாவது தொங்குவது. கடிகாரத்தின் பெண்டுலம் நம் நினைவுக்கு வருகிறதன்றோ? வடதுருவப் பகுதியில் புதராக வளர்வது 'நானா', அதாவது குள்ளமானது. வட அமெரிக்க மரம் 'பாப்பிரிஃபெரா', அதாவது காகிதம் தருவது. அதன் பட்டையைக் கொண்டு அந்நாட்டுப் பழங்குடியினர் படகும் செய்தனர்.

நம் இமயமலை மரத்திற்கு 1825ஆம் ஆண்டு டேவிட் டான் என்ற தாவரவியலார் இட்ட பெயர் 'யூட்டிலிஸ்', பயனுள்ளது. எத்துணைப் பொருத்தம்! தெற்கே பனையோலை போல, வடமேற்கே பூர்ஜப் பட்டையே ஏடாயிற்று. 1881ஆம் ஆண்டு பக்ஷாலி என்னும் ஊரில் கிடைத்த பழைய கணித நூல் இப்பட்டையில் எழுதப்பட்டதே. அதில் சுழியத்தைப் புள்ளியிட்டுக் குறித்துள்ளனர்.

ஆனால் அப்பயனே மரத்திற்கு வினையாயிற்று. கங்கோத்திரிக்கு அப்பால், சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் போஜ்பாசா என்னும் இடம் உள்ளது. பூர்ஜ மரங்களின் உறைவிடம் என்பது அதன் பொருள். விறகுக்காக வெட்டியதால் அங்கே மரங்கள் அருகின. பெயர் மட்டும் நிலைத்தது. 1981ஆம் ஆண்டு நந்தாதேவிச் சிகரம் ஏறிய வீராங்கனை ஹர்ஷவந்தி பிஷ்ட் இதற்காக வருந்தியதோடு நிற்கவில்லை. பூர்ஜக் கன்றுகளை வளர்த்து அங்கே நட்டார். பொருளிழந்த பெயருக்கு மீண்டும் பொருள் தர முனைந்தார்.

தோட்டத்தை மனிதனிடம் ஒப்படைத்த இறைவன், அதைக் காக்கும் கடமையையும் உடன் அளித்தார். 'பயனுள்ளது' என்று மரத்திற்குப் பெயரிட்ட நாம், அம்மரத்திற்கு என்ன பயன் செய்தோம் என்றும் சிந்திப்போமாக!